ஆலோசகரிடம் சொன்னது எங்கே போகும்? ரகசியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உளவியல் ஆலோசனைக்கு முதன்முறையாக வருபவர்கள் தங்கள் பிரச்சினையைச் சொல்வதற்கு முன்பே, "இது வெளியே போகாதே?" என்று கேட்டுவிடுகிறார்கள். நேராகக் கேட்கக் கூச்சப்படுபவர்கள் "என் நண்பர் ஒருவருக்கு ஒரு சிக்கல்" என்று தொடங்குவார்கள். நாலு வார்த்தை பேசி ஆழம் பார்த்தபிறகுதான் அந்த நண்பரைக் கைவிட்டுத் தங்கள் கதைக்கு வருவார்கள். அதில் தவறில்லை, எச்சரிக்கை நல்லதுதான்.

ஆலோசகராக வேலை பார்ப்பதோடு புதியவர்களுக்குப் பயிற்சியும் கொடுப்பதால், இந்தச் சந்தேகங்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் என்னிடம் வருகின்றன. கூடியவரை கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், எந்த நாட்டுச் சட்டத்தைச் சொல்கிறேன் என்பதை அந்தந்த இடத்திலேயே குறிப்பிட்டிருக்கிறேன்.

நான் சொல்வதை யாரிடமும் சொல்லமாட்டார் என்று எதை வைத்து நம்புவது?

அவருடைய நல்ல குணத்தை மட்டும் வைத்து நம்ப வேண்டியதில்லை. ரகசியம் காப்பது இந்தத் தொழிலின் எழுதப்பட்ட விதி. அமெரிக்க உளவியல் சங்கம் 1953-இல் தன் முதல் நெறிமுறைத் தொகுப்பை வெளியிட்டது. இன்று எந்த நாட்டுத் தொழில் அமைப்பின் நெறிமுறையைப் புரட்டினாலும் ரகசியத்துக்கு அதில் தனி இடம் இருக்கும். சில நாடுகளில் சட்டமும் துணைக்கு நிற்கிறது. இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநோய் உள்ளவர் தன் மனநலம், சிகிச்சை பற்றிய தகவல்களை ரகசியமாக வைத்துக்கொள்வதை அவருடைய உரிமையாகவே 23-ஆம் பிரிவில் சொல்கிறது.

உரிமை உங்களுடையது என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். லாக்கரில் வைத்த நகை வங்கிக்குச் சொந்தமாகிவிடாது. ஆலோசகரிடம் சொன்ன விஷயமும் அப்படித்தான். அதை யாரிடம், எவ்வளவு சொல்லலாம் என்று தீர்மானிக்க வேண்டியவர் நீங்கள். கீழே வரும் விதிவிலக்குகளில் மட்டுமே அந்த முடிவு உங்கள் கையை விட்டுப் போகும்.

ஓர் எச்சரிக்கை. "ஆலோசகர்" என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம் என்ற நிலை பல நாடுகளில் இன்னும் இருக்கிறது. எந்த அமைப்பில் பதிவு செய்திருக்கிறார், எந்த நெறிமுறைக்குக் கட்டுப்பட்டவர் என்று கேளுங்கள். முறையாகப் பயிற்சி பெற்றவர் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கமாட்டார்.

ரகசியம் என்றால் பேசியது மட்டுமா? நான் அங்கே வந்துபோவதும் ரகசியம்தானா?

வந்துபோவதும் ரகசியம்தான். உங்கள் அண்ணன் தொலைபேசியில் அழைத்து "என் தங்கை அங்கே வந்தாளா?" என்று கேட்டால், வந்தார் என்றும் சொல்லக்கூடாது, வரவில்லை என்றும் சொல்லக்கூடாது. "யார் வருகிறார்கள் என்ற தகவலை நாங்கள் யாருக்கும் தருவதில்லை" என்பதே சரியான பதில். இது வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பொருந்தும். என் அனுபவத்தில் ரகசியம் கசியும் இடம் பெரும்பாலும் ஆலோசனை அறை அல்ல. காத்திருப்போர் பெயரை உரக்கக் கூப்பிடுவது, வருகைப் பதிவேட்டைத் திறந்தபடி மேசைமேல் விட்டுவிடுவது, பக்கத்து அறைக்குக் கேட்கிற அளவுக்கு மெல்லிய சுவர் என்று அதைச் சுற்றியுள்ள இடங்களில்தான் கசிகிறது.

வெளியிடத்தில் உங்களைப் பார்த்தால் ஆலோசகர் தானாக வந்து பேசமாட்டார். நீங்கள் பேசினால் பேசுவார். கண்டும் காணாமல் போகிறாரே என்று வருத்தப்பட வேண்டாம்.

முதல் நாள் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். படிக்காமலே போட்டுவிட்டேன். அதில் என்ன இருந்திருக்கும்?

அது ஒப்புதல் படிவம். ஆலோசனை எப்படி நடக்கும், கட்டணம் எவ்வளவு, அமர்வை ரத்து செய்தால் என்ன ஆகும், குறிப்புகளை எங்கே வைப்பார்கள், எந்தச் சூழலில் ரகசியத்தை வெளியே சொல்ல வேண்டி வரும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. ஒரு பிரதி கேட்டு வாங்கிப் படியுங்கள்.

பேனாவையும் படிவத்தையும் நீட்டிவிட்டு "இங்கே ஒரு கையெழுத்து" என்பதோடு முடித்துக்கொள்ளும் வழக்கத்தின்மேல் எனக்குக் கோபம் உண்டு. மனம் உடைந்து வந்து உட்கார்ந்திருப்பவர் நாலு பக்கம் படிப்பாரா? வாயால் சொல்ல வேண்டும். "இந்த நான்கு சூழலில் நான் வெளியே சொல்ல வேண்டியிருக்கும், சரியா?" என்று கேட்டு, அவர் புரிந்துகொண்டாரா என்றும் பார்க்க வேண்டும். கையெழுத்து அதன்பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

சரி, அந்த நான்கு சூழல்கள் எவை?

உங்கள் உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால். உங்களால் வேறொருவர் உயிருக்கு ஆபத்து இருந்தால். ஒரு குழந்தை கொடுமைக்கு ஆளாவது தெரியவந்தால். நீதிமன்றமோ சட்டமோ கட்டாயப்படுத்தினால். சொல்லும் விதம் நாட்டுக்கு நாடு மாறினாலும் பெரும்பாலும் இந்த நான்குக்குள் அடங்கிவிடும். சில நாடுகளில் முதியோருக்கும், தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாதவர்களுக்கும் நடக்கும் கொடுமையும் இந்தப் பட்டியலில் சேரும்.

குழந்தை விஷயத்தில் சட்டம் கறாரானது. இந்தியாவில் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ நடக்கக்கூடும் என்று அஞ்சினாலோ, யாராக இருந்தாலும் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆலோசகருக்கு இதில் விலக்கு இல்லை. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அதனால்தான் நெறி தெரிந்த ஆலோசகர் குழந்தையிடம் "நீ என்ன சொன்னாலும் யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கமாட்டார். காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுத்துவிட்டு மீறினால், அந்தக் குழந்தை இன்னொரு பெரியவரை நம்ப வெகுகாலம் ஆகும்.

"சாகலாம் போலிருக்கிறது" என்று சொன்னால் உடனே வீட்டுக்கும் போலீசுக்கும் போன் போட்டுவிடுவார்களா?

இந்தப் பயத்தினாலேயே பலர் வாயைத் திறப்பதில்லை. அதனால் இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வருவதும், அதற்கு நாள் குறித்து வழி தேடி வைத்திருப்பதும் ஒன்றல்ல. எண்ணம் வருகிறது என்று சொன்னதற்காகவே யாருக்கும் போன் போகாது. ஆலோசகர் மேற்கொண்டு கேட்பார். எவ்வளவு நாளாக இருக்கிறது, திட்டம் ஏதாவது உண்டா, இதற்கு முன் முயன்றதுண்டா, இன்றிரவு கூட யார் இருப்பார்கள் என்றெல்லாம் கேட்பார். தற்கொலை பற்றி வெளிப்படையாகக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடும் என்பது தவறான நம்பிக்கை. கேட்பதால் பலருக்குப் பாரம் இறங்குகிறது. பிறகு உங்களோடு சேர்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதுவார். எண்ணம் தீவிரமாகும்போது முதலில் என்ன செய்வது, யாரை அழைப்பது, ஆபத்தான பொருள்களை யாரிடம் கொடுத்து வைப்பது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

இதற்கும் மேலே போய், இன்றே உயிருக்கு ஆபத்து என்று அவர் உறுதியாக நினைத்தால்தான் வெளியே சொல்வார். அப்போதும் முடிந்தவரை உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வார். யாரிடம் சொல்வது என்பதில் உங்கள் விருப்பத்தைக் கேட்பார். ஆபத்து பற்றி மட்டும் சொல்வார். உங்கள் காதல், கடன், பழைய கதை எதுவும் அதில் வரத் தேவையில்லை. சட்டத்தை நினைத்துப் பயப்படுபவர்களுக்கு இன்னொன்று: இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை அவர்மீது வழக்கு நடத்தவோ தண்டிக்கவோ கூடாது என்கிறது. இதைப் படிக்கும் இந்த நேரத்திலேயே அப்படியொரு நெருக்கடியில் நீங்கள் இருந்தால், அடுத்த அமர்வு வரை காத்திருக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், அல்லது உங்கள் நாட்டின் அவசர உதவி எண்ணை அழையுங்கள். இந்தியாவில் டெலி மனஸ் உதவி எண் 14416.

கோபத்தில் "அவனைக் கொன்றுவிடுவேன்" என்று கத்தினேன். அதை எழுதிக்கொண்டார். பயமாக இருக்கிறது.

கோபத்தில் எல்லோரும் சொல்லும் வார்த்தை அது. முந்தைய பதிலில் சொன்னதுபோல், எண்ணத்துக்கும் திட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் இங்கும் பார்ப்பார்கள். குறிப்பிட்ட ஆள், குறிப்பிட்ட வழி, நெருங்கும் வாய்ப்பு எல்லாம் சேர்ந்து நிற்கும்போதுதான் கதை மாறும்.

இந்த விதிக்குப் பின்னால் ஒரு கொலை இருக்கிறது. 1969-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில், ஒரு மாணவர் தனக்குச் சிகிச்சை அளித்த உளவியலாளரிடம் ஓர் இளம்பெண்ணைக் கொல்லப் போவதாகச் சொன்னார். அவர் பெயரைச் சொல்லாவிட்டாலும் யார் என்பது எளிதில் தெரியக்கூடியதாக இருந்தது. உளவியலாளர் வளாகக் காவலர்களுக்குத் தகவல் கொடுத்தார். அவர்கள் மாணவரைப் பிடித்து விசாரித்தார்கள். தெளிவாகத்தான் பேசுகிறார், அந்தப் பெண்ணிடமிருந்து விலகியிருப்பதாக வாக்களித்துவிட்டார் என்று விட்டுவிட்டார்கள். உளவியலாளரின் மேலதிகாரி, இதற்குமேல் எதுவும் செய்ய வேண்டாம் என்றார். அந்தப் பெண் அப்போது பிரேசிலில் இருந்தார். அவருக்கோ பெற்றோருக்கோ யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊர் திரும்பியபின் அக்டோபரில் அவர் கொல்லப்பட்டார். அவர் பெயர் தாத்தியானா தாரசாஃப்.

பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். 1976-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், ஆபத்தில் இருக்கும் மூன்றாவது நபரைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுப்பது சிகிச்சையாளரின் கடமை என்று தீர்ப்பளித்தது. எல்லா நாடுகளும் இதைச் சட்டமாக்கிவிடவில்லை. அமெரிக்காவிலேயே மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. ஆனால் உலகெங்கும் ஆலோசகர் பயிற்சியில் இந்த வழக்கு வராத வகுப்பு அரிது. எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். தகவல் மேசைக்கு மேசை சரியாகத்தான் போனது. யாருடைய உயிருக்கு ஆபத்தோ, அவரிடம் மட்டும் போய்ச் சேரவில்லை.

என் மகனுக்குப் பதினைந்து வயது. அழைத்து வந்தது நான், பணம் கட்டுவது நான். அவன் என்ன பேசினான் என்று கேட்க எனக்கு உரிமை இல்லையா?

சட்டப்படி பல இடங்களில் உங்களுக்கு ஓரளவு உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமையை முழுவதும் பயன்படுத்தினால் ஆலோசனையே நடக்காது. ஒவ்வொரு வாரமும் அறிக்கை வீட்டுக்குப் போகும் என்று தெரிந்த பையன் பாடம், மதிப்பெண், விளையாட்டு பற்றி மட்டும் பேசிவிட்டு எழுந்துபோவான்.

அதனால் முதல் சந்திப்பிலேயே மூவரும் உட்கார்ந்து எல்லையைப் பேசிக்கொள்வதே நல்ல வழி. அவன் பாதுகாப்பைப் பாதிக்கும் எதுவானாலும் பெற்றோருக்குச் சொல்லப்படும், மற்றவை அவனுடையவை என்பதே அந்த ஒப்பந்தம். முன்னேற்றம் எப்படி இருக்கிறது, வீட்டில் நீங்கள் என்ன செய்தால் உதவும் என்பதைத் தாராளமாகக் கேட்கலாம். பிரிட்டனில் 1985-இல் கில்லிக் வழக்கில், அன்று அந்நாட்டின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, பதினாறு வயதுக்குக் குறைந்தவரானாலும் விஷயத்தை முழுமையாகப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இருந்தால் தன் சிகிச்சைக்குத் தானே ஒப்புதல் தரலாம் என்று சொன்னது. வயதை மட்டும் பார்க்காமல் முதிர்ச்சியையும் பார்க்க வேண்டும் என்ற அந்தப் பார்வை, அதே சட்டம் இல்லாத இடங்களிலும் ஆலோசகர்களுக்கு உதவுகிறது.

பணம் கட்டுபவர் யார் என்பது ரகசியத்தை நிர்ணயிக்காது. இதைக் கேட்டு முகம் வாடும் பெற்றோர் உண்டு. அவர்களுடைய கவலை பொய்யல்ல. அந்தக் கவலையைப் பேசுவதற்கு அவர்களுக்கும் தனியாக ஓர் அமர்வு தேவைப்படலாம்.

கணவரும் நானும் சேர்ந்து போகிறோம். அவருக்குத் தெரியாமல் ஆலோசகரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லலாமா?

சொல்வதற்கு முன், "தனியாகச் சொன்னால் அதை என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். தம்பதி ஆலோசனையில் ஆலோசகர்கள் இரண்டு விதமாக வேலை செய்கிறார்கள். சிலர் தனியாகச் சொன்னதைத் தனியாகவே வைத்துக்கொள்வார்கள். சிலர் "என்னிடம் தனி ரகசியம் கிடையாது, சொன்னால் அது மூவருக்கும் பொது" என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுவார்கள். எனக்கு இரண்டாவது முறை பிடிக்கும். மனைவிக்கு இன்னொரு உறவு இருப்பதை அறிந்துகொண்டு, கணவர் "எங்கே தவறினேன்?" என்று அழும்போது எதுவும் தெரியாதவர்போல் உட்கார்ந்திருக்கும் ஆலோசகர், தெரிந்தோ தெரியாமலோ ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார்.

ஆனால் வீட்டில் அடி உதை நடக்கிறது என்றால் இந்தக் கணக்கு செல்லாது. அதைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும், ஆலோசகரும் தனியாகவே கேட்டறிய வேண்டும். எதிரே உட்காரவைத்துக் கேட்டால், வீடு திரும்பியபின் அதற்கும் சேர்த்து அடி விழும்.

கம்பெனி ஏற்பாடு செய்த ஆலோசகர். எச்.ஆருக்கு எல்லாம் போய்விடுமா?

ஊழியர் நல ஆலோசனை என்றால், எத்தனை பேர் பயன்படுத்தினார்கள், பொதுவாக என்னென்ன வகைச் சிக்கல்கள் என்ற அளவில் பெயரில்லாத தொகுப்பு மட்டுமே நிறுவனத்துக்குப் போக வேண்டும். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறதா என்று கேளுங்கள். ஐந்தே பேர் உள்ள பிரிவில் "ஒருவருக்குக் குடிப்பழக்கம்" என்று எழுதினால் பெயரே தேவையில்லை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

நிறுவனமே உங்களைப் பணிக்குத் தகுதியானவரா என்று மதிப்பிட அனுப்பினால் அது வேறு விஷயம். அங்கே அறிக்கை நிறுவனத்துக்குத்தான் போகும். அதைப் பேசத் தொடங்கும் முன்பே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பேசும்போது எழுதிக்கொண்டே இருக்கிறாரே, அந்தக் குறிப்புகளை நான் பார்க்கலாமா? வேறு யார் பார்ப்பார்கள்?

கேட்கலாம். இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அடிப்படை மருத்துவ ஆவணங்களைப் பெறும் உரிமையைத் தருகிறது. கேட்பவருக்கே கடும் மனப்பாதிப்போ பிறருக்குத் தீங்கோ நேரும் என்றால் மட்டும் சில தகவல்களை நிறுத்திவைக்கலாம். அமெரிக்கச் சட்டம் பொதுக் கோப்பையும் சிகிச்சையாளர் தன் நினைவுக்காகத் தனியே எழுதிவைக்கும் குறிப்புகளையும் பிரித்துப் பார்க்கிறது. பின்னதைக் கேட்டுப் பெறும் உரிமை அங்கே நோயாளிக்குக்கூடக் கிடையாது.

புதிய ஆலோசகர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆலோசனை பெறுபவர் பக்கத்தில் நின்று படித்தால் உங்களுக்கு வெட்கம் வராதபடி எழுதுங்கள். "மாமியார் ஒரு பேய்" என்று அவர் சொன்னதை அப்படியே எழுதத் தேவையில்லை. "குடும்ப உறவில் உரசல்" போதும்.

"உங்களைப் பற்றி என் மேற்பார்வையாளரிடம் பேசுவேன்" என்கிறார். அப்படியென்றால் வெளியே சொல்கிறார் என்றுதானே அர்த்தம்?

அவர் சொல்லிவிட்டுச் செய்வதே நல்ல அறிகுறி. ஆலோசகர் தன் வேலையை அனுபவசாலி ஒருவரிடம் வைத்துச் சரிபார்ப்பது நெறியின் ஒரு பகுதி. அங்கே பெயரும் அடையாளமும் தவிர்க்கப்படும், மேற்பார்வையாளரும் ரகசியத்துக்குக் கட்டுப்பட்டவர். யாரிடமும் எதையும் கலந்து பேசாமல் பல வருடம் தனியாகவே ஓட்டும் ஆலோசகரைக் கண்டால்தான் எனக்குத் தயக்கம். மேற்பார்வையாளர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் மட்டும் சொல்லிவிடுங்கள், வேறொருவரிடம் போவார்.

வீடியோவிலும் வாட்ஸ்அப்பிலும் ஆலோசனை பெறுகிறேன். பாதுகாப்பானதுதானா?

ஆலோசகர் பக்கம் எல்லாம் சரியாக இருந்தாலும் உங்கள் பக்கம் கதவு திறந்திருந்தால் பயனில்லை. இயர்போன் போடுங்கள். திரையில் செய்தி தானாகத் தெரியும் வசதியை நிறுத்துங்கள். வீட்டார் எல்லோரும் பயன்படுத்தும் கைபேசி என்றால் ஆலோசகரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அழைப்பு பதிவு செய்யப்படுகிறதா என்று இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பதிவுகளைச் சேமித்துவைக்கும் நிறுவனங்களிடம் இன்னும் கவனம் தேவை. பின்லாந்தில் வஸ்தாமோ என்ற உளசிகிச்சை நிறுவனத்தின் தரவுத்தளம் சரியான பாதுகாப்பு இல்லாததால் திருடப்பட்டது. 2020-இல், திருடியவன் முதலில் நிறுவனத்திடம் பணம் கேட்டான். பிறகு நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சல் அனுப்பி, 200 யூரோ மதிப்புள்ள பிட்காயின் தராவிட்டால் நீங்கள் சிகிச்சையாளரிடம் பேசியதை இணையத்தில் போடுவேன் என்று மிரட்டினான். பாதிக்கப்பட்டவர்கள் பல்லாயிரம் பேர். நிறுவனம் மறு ஆண்டே திவாலானது. ஒரு செயலியில் மனம்விட்டுப் பேசும் முன், பதிவு எங்கே எவ்வளவு நாள் இருக்கும், அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா என்று பாருங்கள். அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். இதற்காகவாவது படியுங்கள்.

விவாகரத்து வழக்கு நடக்கிறது. ஆலோசகரைக் கோர்ட்டுக்கு இழுத்தால் நான் சொன்னதைச் சொல்லிவிடுவாரா?

வழக்கறிஞர் கடிதம் அனுப்பினார் என்பதற்காகச் சொல்லக்கூடாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் போனில் மிரட்டினாலும் கூடாது. நீதிமன்ற ஆணை வந்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும். அப்போதும் தனக்குள்ள நெறிக் கடமையை நீதிபதியிடம் எடுத்துச்சொல்லி, கேட்ட கேள்விக்குத் தேவையான அளவு மட்டும் சொல்லவும், முடிந்தால் மூடிய அறையில் சொல்லவும் அனுமதி கேட்கலாம்.

சட்டப் பாதுகாப்பு எங்கும் ஒரே மாதிரி இல்லை. அமெரிக்காவில் ஒரு போலீஸ் அதிகாரி பணியில் ஒருவரைச் சுட்டுக் கொன்றபின் சமூகப் பணியாளர் ஒருவரிடம் ஆலோசனை பெற்றார். இறந்தவரின் குடும்பம் அந்தக் குறிப்புகளைக் கேட்டது. 1996-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அந்தப் பேச்சுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, தரத் தேவையில்லை என்றது. ஜாஃபி எதிர் ரெட்மண்ட் வழக்கு என்று அதைச் சொல்வார்கள். இந்தியாவின் சாட்சியச் சட்டமோ (2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியம்) வழக்கறிஞரிடம் பேசியதற்குத் தரும் பாதுகாப்பை ஆலோசகரிடம் பேசியதற்குத் தரவில்லை. அதனால் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது என்பதை ஆலோசகரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பழைய குற்றம் ஒன்றைச் செய்திருக்கிறேன். அதைப் பேசலாமா?

நடந்து முடிந்த குற்றத்தை வெளியே சொல்லும் கடமை பொதுவாக ஆலோசகரின் நெறிமுறையில் இல்லை. வரப்போகும் ஆபத்தைத் தடுப்பதற்காகவே விதிவிலக்குகள் இருக்கின்றன. ஆனால் குழந்தைகள் தொடர்பானதற்கு மேலே சொன்ன சட்டம் பொருந்தும். இந்தியாவில் கொலை போன்ற சில கடும் குற்றங்கள் தெரியவந்தால் தகவல் தர வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது) எல்லோருக்குமே சொல்கிறது. இதில் ஆலோசகரும் அடக்கம். விவரத்துக்குப் போகும் முன், "இந்த மாதிரி ஒன்றைச் சொன்னால் உங்கள் கடமை என்ன?" என்று பொதுவாகக் கேட்டுக்கொள்ளலாம். அல்லது முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள்.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. மனைவியிடம் சொல்லவில்லை. ஆலோசகர் சொல்லிவிடுவாரா?

இந்தியாவின் எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம், 2017, இதற்குப் படிப்படியாக விடை சொல்கிறது. மருத்துவரோ ஆலோசகரோ தவிர வேறு யாரும் துணைவரிடம் சொல்லக்கூடாது. அவர்களும் எடுத்தவுடன் சொல்ல முடியாது. துணைவருக்குக் கணிசமான ஆபத்து இருக்க வேண்டும். நீங்களே சொல்லும்படி முதலில் உங்களுக்கு ஆலோசனை தர வேண்டும். நீங்கள் சொல்லப் போவதில்லை என்று உறுதியாகத் தெரிய வேண்டும். "நான் சொல்லப்போகிறேன்" என்று உங்களிடம் அறிவிக்க வேண்டும். அதன்பிறகு துணைவரை நேரில் சந்தித்து, அவருக்கும் ஆலோசனை தந்து சொல்லலாம். எச்.ஐ.வி. உள்ளவர் பெண்ணாக இருந்து, சொன்னால் அவருக்கு அடியோ கைவிடப்படும் நிலையோ நேரும் என்ற அச்சம் இருந்தால், அவருடைய துணைவரிடம் சொல்லக்கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால் உங்களுக்கு வாய்ப்புத் தரப்படுவதைக் கவனியுங்கள். எப்படிச் சொல்வது என்று ஆலோசகரோடு உட்கார்ந்து ஒத்திகை பார்க்கவும் முடியும்.

என் ஆலோசகர் மிகவும் அன்பானவர். அமர்வுகள் முடிந்தபின் நண்பர்களாக இருக்கலாமா?

தவிர்ப்பது நல்லது. உங்களைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும், அவரைப் பற்றி உங்களுக்கு எதுவும் தெரியாது. அந்தச் சமனில்லாத நிலை அமர்வு முடிந்தவுடன் மறைந்துவிடாது. கடன் கொடுக்கல் வாங்கல், கூட்டுத் தொழில், உறவினரை ஆலோசனைக்கு எடுத்துக்கொள்வது எல்லாம் இதே காரணத்தால் கூடாது. காதலும் உடலுறவும் நடப்புக் காலத்தில் முழுத் தடை. முடிந்தபின்னும் அமெரிக்க உளவியல் சங்கம் குறைந்தது 2 ஆண்டும், அமெரிக்க ஆலோசனைச் சங்கம் 5 ஆண்டும் தடை வைத்திருக்கின்றன. ஆலோசகரே இப்படி ஒரு பேச்சைத் தொடங்கினால் அதை அன்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுந்து வெளியே வாருங்கள்.

தொலைக்காட்சியில் ஒரு பிரபலத்தின் மனநிலையை நிபுணர் ஒருவர் அக்குவேறு ஆணிவேறாக அலசினார். இது சரியா?

சரியில்லை. 1964-இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற கோல்ட்வாட்டர் மனத்தளவில் தகுதியற்றவர் என்று மனநல மருத்துவர்கள் பலர் ஒரு பத்திரிகைக்குக் கருத்துச் சொன்னார்கள். அவர் அவதூறு வழக்குப் போட்டு வென்றார். 1973-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம், நேரில் பரிசோதிக்காதவரைப் பற்றியும் அனுமதி இல்லாமலும் கருத்துச் சொல்லக்கூடாது என்று விதி வைத்தது.

ஆலோசகரின் சமூக வலைத்தளப் பக்கத்தில் என் கதையைப் போலவே ஒன்று வந்திருக்கிறது. பெயர் மட்டும் இல்லை.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். நீங்களே படித்து "இது நான்" என்று அடையாளம் கண்டுகொள்கிறீர்கள் என்றால், உங்கள் மாமியாரும் கண்டுகொள்வார். நூலிலோ பயிற்சியிலோ ஒரு கதையைப் பயன்படுத்த வேண்டுமானால் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும், அல்லது வயது, தொழில், குடும்ப அமைப்பு எல்லாவற்றையும் மாற்றி ஆளே தெரியாதபடி செய்ய வேண்டும். விருப்பக்குறிக்காக "இன்று ஒரு பெண் வந்தார்..." என்று அன்று மாலையே பதிவு போடுவது எந்த நெறியிலும் சேராது. நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால் கடைசிக் கேள்வியைப் பாருங்கள்.

நான் இறந்தபின் என்ன ஆகும்?

கடமை முடியாது. அமெரிக்கக் கவிஞர் ஆன் செக்ஸ்டன் 1974-இல் இறந்தார். அவருடைய சிகிச்சை அமர்வுகளின் ஒலிநாடாக்களை மனநல மருத்துவர் மார்ட்டின் ஓர்ன் பிற்பாடு வாழ்க்கை வரலாறு எழுதியவரிடம் கொடுத்தார். மகளின் ஒப்புதல் இருந்தது. ஆனாலும் 1991-இல் நூல் வெளிவந்தபோது தொழில்துறைக்குள் பெரிய சண்டையே நடந்தது. மகளின் ஒப்புதல் தாயின் ஒப்புதல் ஆகுமா என்பதுதான் கேள்வி. ஆகாது என்பவர்கள் பக்கம் நான். உங்கள் கோப்பு உங்களுக்குப்பின் என்ன ஆக வேண்டும் என்று விருப்பம் இருந்தால் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆலோசகரே இறந்தால் கோப்புகளை யார் பொறுப்பேற்பார் என்பதையும் அவர் முன்பே ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

என் ரகசியத்தை வெளியே சொல்லிவிட்டார். புகார் கொடுத்தால் மீதியும் வெளியே வந்துவிடுமோ?

முதலில் எந்தத் தேதியில், யாரிடம், என்ன சொன்னார், உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதை எழுதிவையுங்கள். முடிந்தால் அவரிடமே எழுத்தில் விளக்கம் கேளுங்கள். சில நேரம் அது வரவேற்பறையில் நடந்த கவனக்குறைவாக இருக்கும். பதில் திருப்தியில்லை என்றால் அவர் வேலை செய்யும் நிறுவனத்திடமும், பிறகு அவர் பதிவு செய்துள்ள தொழில் அமைப்பு அல்லது மன்றத்திடமும் போகலாம். முதல் கேள்வியில், எங்கே பதிவு செய்திருக்கிறார் என்று கேட்கச் சொன்னது இந்த நாளுக்காகவும்தான். எங்கும் பதிவில்லாதவர் என்றால் நுகர்வோர் மன்றமும் நீதிமன்றமும்தான் வழி.

நீங்கள் புகார் கொடுத்தால், தன் தரப்பைச் சொல்வதற்குத் தேவையான அளவுக்கு உங்கள் விஷயத்தை விசாரணைக் குழுவிடம் பேச ஆலோசகருக்கு அனுமதி உண்டு. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் இங்கே சொல்கிறேன். அந்த அனுமதி புகாரில் உள்ளதற்கு மட்டும்தான், குழுவுக்கு வெளியே செல்லாது. ஆகவே புகாரில் நடந்த மீறலை மட்டும் எழுதுங்கள். நீங்கள் எதற்காக ஆலோசனைக்குப் போனீர்கள் என்பதை அதில் விளக்க வேண்டியதில்லை. விசாரணை மூடிய அறையில் நடக்குமா, உங்கள் பெயர் வெளியிடப்படுமா என்பதைப் புகார் கொடுக்கும் முன்பே அந்த அமைப்பிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.